தலைப்புக்கு அடியில் ஒருத்தி

“இந்த ஜன்னல்ல நான் இருக்கணும். என்னைக் காணோம்.”

வந்த அம்மாள் இதைச் சொன்னதும் கொழுந்தன் பாதி கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

“காணாமப் போனவங்களே நேர்ல வந்து புகார் குடுக்கறது இதுதான் முதல் தடவை. கேஸ் முடிஞ்சுது அண்ணி. இதோ உக்காந்திருக்காங்க.”

“நீ கொஞ்சம் சும்மா இரு தம்பி,” என்றாள் அண்ணி.

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் பொய்க் கோரிக்கைகளைப் பிரித்து மேய்ந்துவிட்டு, தனியாக விசாரணை அலுவலகம் போட்டவள் அவள். கணவனின் தம்பிதான் உதவியாளன். அவன் வாய் ஓயாமல் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட, வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் அண்ணியாகவே ஆகிப்போனாள். வாசலில் மாட்டிய பெயர்ப் பலகையை எவரும் படிப்பதில்லை.

வந்த அம்மாளுக்கு ஐம்பத்திரண்டு வயது. நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். மேஜைமேல் இரண்டு பொருள்களை, ஓரம் ஓரத்தோடு சரியாகப் பொருந்தும்படி வைத்தார். ஒன்று, மூலை நைந்த ஓர் அட்டைப் பெட்டி. மற்றது சுருட்டி வந்த புது விளம்பரத் தாள்.

பெட்டியின் மேல் ‘சாம்பல்கோட்டை’ என்று சிவப்புப் பட்டையில் கொட்டை எழுத்து. அதற்குக் கீழே கோட்டை வாசல். தீப்பந்தத்தோடு நான்கு பேர். விளம்பரத் தாளிலும் அதே படம். ஆனால் சிவப்புப் பட்டை இல்லை. தலைப்பு சின்னதாகிக் கீழே இறங்கிவிட்டது. பட்டை இருந்த இடத்தில் இப்போது ஒரு கோபுரம்; கோபுரத்தில் ஒரு ஜன்னல். ‘அதே அட்டை! இம்முறை முழுதாக!’ என்று ஓரத்தில் அச்சடித்திருந்தார்கள்.

“இது என்ன, சினிமாவா?”

“விளையாட்டுங்க. நாலஞ்சு பேர் மேஜையைச் சுத்தி உக்காருவோம். ஒருத்தர் நடுவர். ‘முன்னாடி ஒரு கதவு. உள்ளேருந்து யாரோ மூச்சு விடற சத்தம். என்ன பண்றீங்க?’ன்னு கேப்பார். மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். நான் என்ன பண்றேன்னு நான் சொல்வேன். அது பலிக்குமா பலிக்காதான்னு பகடை சொல்லும்.”

“எங்க வீட்டுல பகடையே வேண்டாம். பலிக்காதுன்னு அண்ணியே சொல்லிடுவாங்க,” என்றான் கொழுந்தன்.

வரைவாளர் சிரித்தார். சிரித்த கையோடு கண் கலங்கிவிட்டது.

“முப்பது வருஷத்துக்கு முன்னாடி எங்க மேஜையில பிறந்த ஆட்டம் இது. கதை நடுவரோடது. நாடு, நகரம், ஆறு, குகை, சுரங்கம் எல்லாம் நான் போட்டது. நாப்பத்திரெண்டு வரைபடம். படம் எங்க அண்ணன் வரைஞ்சார். ஓவியர் அவர். கோபுர ஜன்னல்ல, கையில வரைபடச் சுருளோட என்னை வரைஞ்சார். ஈரம் காயறதுக்குள்ள போய்ப் பாத்தேன். அச்சாகி வந்தப்போ இந்தச் சிவப்புப் பட்டை என் தலை மேல உக்காந்திருக்கு. பெட்டிக்குப் பின்னாடி ‘கதை: நடுவர். உலகமும் ஓவியமும்: ஓவியர்’. என் பேரு இல்ல.”

“கேக்கலையா?”

“அண்ணன் கேட்டாராம். பொம்பளைப் பேரு போட்டா கடைக்காரன் தொட மாட்டான்னு நடுவர் சொன்னாராம். அன்னைக்கோட அந்த ஆளோட பேச்சை விட்டேன். மூலப் படமும் அச்சகத்துல தண்ணிக் குழாய் உடைஞ்சு நாசமாப் போச்சுன்னாங்க. சரி, போகட்டும்னு இருந்தேன். இப்ப மறுபதிப்பு. பழைய அட்டையேதான் வேணும், ஆனா முழுசா வேணும்னு விளையாடறவங்க எல்லாம் எழுதிப் போட்டாங்களாம். படம் வெளிய வந்துருச்சு. நாசமாப் போன படம் எப்படிங்க வரும்? நான் நின்ன இடத்துல இதைப் பாருங்க.”

அண்ணி குனிந்து பார்த்தாள். ஜன்னல் விளிம்பில் வெள்ளையாக, கிண்ணம்போல் ஏதோ ஒன்று.

“மணியா?”

“கப்பு. கவிழ்த்து வெச்ச டீ கப்பு. எங்க மேஜைப் பழக்கம் அது. ஒருத்தர் ஆட்டத்துக்கு வரலைன்னா அவங்க பாத்திரத்துக்கான பொம்மையை மேஜையிலேருந்து எடுக்க மாட்டோம். அது மேல கப்பைக் கவிழ்த்துடுவோம். கப்புக்குள்ள இருக்கறவரைக்கும் எந்தப் பூதமும் தொடாது. ஆனா அந்தப் பாத்திரம் வாயைத் திறக்க முடியாது.”

“அப்போ இதை வரைஞ்சது அந்த மேஜையில உக்காந்த ஆள்,” என்றாள் அண்ணி.

“மொத்தம் அஞ்சு பேர். ஒருத்தர் இறந்துட்டார். ஒருத்தர் கப்பல் வேலைக்குப் போனவர் போனவர்தான். நான் இங்க இருக்கேன். அண்ணனுக்கு நேத்து போன் பண்ணேன். ‘எனக்கே இப்பதான் தெரியும் பாப்பா, அந்தாளு எங்கயோ ஒளிச்சு வெச்சிருந்திருக்கான். நீ தலையிடாத, நான் பேசிக்கறேன்’னார். மிச்சம் நடுவர்தான். இன்னைக்கு நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள என் பேரு ஏறணும். இந்தத் தடவையும் விட்டா அப்புறம் நான் இருந்தேன்னு சொல்ல ஆளே இருக்காது.”

மணி பதினொன்று ஐந்து. அண்ணி கைப்பையை எடுத்தாள்.

“வண்டியை எடு.”

“எடுக்கறேன். கிளம்பறது அதோட இஷ்டம்.”

*

நடுவர் ஆறாவது மாடியில் இருந்தார். முழங்கால் அறுவை செய்து மூன்று வாரம். லிஃப்ட் பழுதாகி இரண்டு வாரம். ஆக, சிறைதான். வேலை ஓட்டுநர் பள்ளியில். கதவைத் திறந்தவர் வரைவாளரைப் பார்த்து ஊன்றுகோலை மாற்றிப் பிடித்தார்.

“மேப்பு! முப்பது வருஷம் கழிச்சு இப்பதான் வழி தெரிஞ்சுதா? வரைபடம் போடறவளுக்கு?”

“என்னை அப்படிக் கூப்பிடாதீங்க.”

“சரி. கூப்பிடல. உள்ள வாங்க.”

அலமாரி முழுக்கச் சுண்டுவிரல் உயரப் பொம்மைகள். கொழுந்தன் ஒன்றைத் தொடப்போனான். நடுவர் இருமிய இருமலில் கையை இழுத்துக்கொண்டான்.

“பொம்பளைப் பேரு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க?” வரைவாளர் உட்காரவே இல்லை.

“நானா?”

“இல்லேன்னா நானா?”

“ஆமா, நீதான்!” அவருக்கும் குரல் ஏறியது. ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டே உள்ளே போனவர் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். “படி. சத்தமாப் படி.”

தட்டச்சு செய்த நான்கு வரிகள். அண்ணி படித்தாள். ‘இந்த விளையாட்டில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. என் பெயரை எங்கும் குறிப்பிட வேண்டாம். இது குறித்து என்னைத் தொடர்பு கொள்ளவும் வேண்டாம்.’ கீழே கையெழுத்து.

வரைவாளர் தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“கையெழுத்து என்னோடதுதான். மேல இருக்கற வரிகள் என்னோடதில்ல. அப்பா வீட்டு மின் இணைப்பைப் பேர் மாத்தணும்னு ரெண்டு வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்தேன்.”

“யார்கிட்ட குடுத்தீங்க?” என்று அண்ணி கேட்டாள்.

வரைவாளர் தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தார்.

நடுவர் மெதுவாக நாற்காலியில் இறங்கினார். “எத்தனை தடவை சொல்லி அனுப்பினேன் தெரியுமா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும், ‘தங்கச்சி வருவாளா?’ ‘வர மாட்டாளாம். உன் முகத்துலயே முழிக்க மாட்டாளாம்.’ விளம்பரத்துல அந்தக் கப்பைப் பாத்தப்போ, நீதான் வரையச் சொல்லிட்டேன்னு நினைச்சேன். இன்னும் கோவம் தீரலைபோலன்னு.”

“சார், ஒரு சந்தேகம்,” என்றாள் அண்ணி. “மேஜையில அந்தக் கப்பைக் கவிழ்க்கறது யாரு? நடுவரா?”

“நான் தொடக் கூடாது. அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. ‘இன்னைக்கு அவங்க வரலை’ன்னு யார் வந்து சொல்றாங்களோ, அவங்கதான் கவிழ்க்கணும். பொய் சொல்லிட்டா பாவம் அவங்களோட போகட்டும்னு வெச்சோம்.”

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே உறைத்தது.

கொழுந்தன் விரலை மடக்கினான். “இவங்க வரமாட்டாங்கன்னு உங்ககிட்ட சொன்னவர். உங்களைப் பத்தி இவங்ககிட்ட சொன்னவர். வெத்துத் தாள் வாங்கினவர். அண்ணி, நாலு பேரைச் சந்தேகப்படலாம்னு ஆசையா வந்தேன். ஒரே ஆள் எல்லா வேஷமும் போட்டா நான் எங்க போறது?”

“மூலப் படம் எங்க இருந்துச்சு சார்? அச்சகத்துல தண்ணிக் குழாய் உடைஞ்சு நாசமாச்சுன்னாங்களாமே.”

“அவர்கிட்டதான். எப்பவுமே அவர்கிட்டதான். பரண்ல சாக்கு சுத்தி வெச்சிருப்பார். தண்ணிக் குழாயா? எந்த அச்சகத்துல?”

வரைவாளர் அப்போதுதான் உட்கார்ந்தார். “நேத்து போன்ல, ‘சாப்ட்டியா பாப்பா?’ன்னு கேட்டுட்டுத்தான் மத்ததைச் சொன்னார்.”

நடுவர் ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். ‘உலகமும் வரைபடங்களும் இவருடையவை. இதை நூலாசிரியனாக நான் உறுதி செய்கிறேன்.’ கையெழுத்திட்டு நீட்டினார்.

“பதிப்பகத்துல வடிவமைப்பு பாக்கற அம்மாவுக்கு நான் போன்ல சொல்லிடறேன். இன்னைக்குக் கடைசி கலர் ப்ரூஃப். கையெழுத்துப் போட அவரும் வருவார். போ மேப்பு.”

இந்தத் தடவை வரைவாளர் மறுக்கவில்லை.

*

பதிப்பகத்தின் நீளமான நடையில், இரண்டு பக்கச் சுவரிலும் சட்டமிட்ட அட்டைகள். எல்லாம் ஓவியரின் கை. மாத நாவல்கள், குழந்தைக் கதைகள், சமையல் புத்தகங்கள். துப்பாக்கி ஏந்திய பெண்கள், ஓடும் ரயில்கள், ஒரு பெரிய முட்டைகோஸ். அண்ணி அவசரத்தையெல்லாம் மறந்தவள்போல் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள்.

“மூணு மணி ஆகுது அண்ணி. கண்காட்சிக்கு அப்புறம் வரலாம்.”

“இந்த முட்டைகோஸைப் பாரு.”

“பாத்தேன். நல்லா இருக்கு. வாங்க.”

“இதோட ஒரு இலைகூடத் தலைப்புல மாட்டல. பாத்தியா?”

கொழுந்தன் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை என்பதை அவன் வழக்கம்போல் ஒப்புக்கொள்ளவில்லை.

வடிவமைப்பாளரின் அறையில் பெரிய மேஜை. அதன்மேல் கலர் ப்ரூஃப் விரித்திருந்தது. பக்கத்தில் பேனாவோடு ஓவியர். நரைத்த தலை, விரல் இடுக்கில் போகாத நீலக் கறை. தங்கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

“பாப்பா! நீ எங்க இங்க? வெயில்ல ஏன் அலையற?”

“கப்பைக் கவிழ்த்தது நீதானே அண்ணா?”

வடிவமைப்பாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நடுவர் போனில் சொல்லியிருந்தார். ஆனாலும் நேரில் பார்ப்பது வேறு. வடிவமைப்பாளர் எழுந்து போகப் பார்த்தார். அண்ணி கண்ணாலேயே உட்காரச் சொன்னாள்.

ஓவியர் பேனாவை மூடினார். “ஆமா.”

“அந்தக் கடிதம்?”

“நான்தான்.”

“ஏன்?”

“பெட்டி வெளிய வந்த வாரம், ஊரே படத்தை விட்டுட்டு அந்த உலகத்தைப் பத்திப் பேசிச்சு. ‘இந்த ஆறு எப்படிங்க மலை மேல ஏறுது, இந்தச் சுரங்கத்தை எப்படி யோசிச்சீங்க’ன்னு என்கிட்டயே வந்து கேட்டாங்க. அதை நான் போடலைன்னு சொல்லணும். வாய் வரல. ஒரு தடவை வரல. அப்புறம் அந்தப் பொய்யைக் காபந்து பண்றதே பொழப்பாப் போச்சு. தப்புதான் பாப்பா. கால்ல வேணா விழறேன்.”

“விழ வேண்டாம்.”

“ஆனா ஒண்ணு மட்டும் நம்பு.” அவர் ப்ரூஃபைத் தங்கை பக்கம் திருப்பினார். “உன்னை அழிக்க எனக்கு மனசு வரல. வார்னிஷ் மேல, நீர்வண்ணத்துலதான் கப்பை வரைஞ்சேன். ஈரத் துணியால ஒரு துடை துடைச்சா போதும், அடியில நீ அப்படியே இருக்கே. மூலப் படம் பக்கத்து அறையிலதான் இருக்கு. இப்பவே துடைச்சுத் தரேன். அரை மணியில மறுபடி படம் எடுத்துடலாம். அந்தப் படத்துலயே உசரமான இடத்துல உன்னைத்தான் வெச்சேன். அன்னைக்கு அந்தப் பட்டை வந்து உன் மேல விழுந்தது என் கையில இல்ல. இவங்க ஒட்டினது. அதைப் பாத்துட்டு மூணு நாள் தூங்கல நான்.”

வரைவாளரின் தோள் தளர்ந்ததை அண்ணி கவனித்தாள். கூடப் பிறந்தவன், ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும் என்கிறான். யாருக்குத்தான் நம்பத் தோன்றாது?

“அரை மணி போதுமாம்மா?” என்று வரைவாளர் வடிவமைப்பாளரைக் கேட்டார்.

“போதும். நாலுக்குள்ள அனுப்பிடலாம்.”

“ஒரு நிமிஷம்,” என்றாள் அண்ணி. “சார், வெளிய உங்க அட்டைங்களைப் பாத்தேன். பிரமாதம். ஒரு முகத்து மேலயாவது தலைப்பு விழுந்திருக்கான்னு தேடினேன். முகம் இருக்கட்டும், முட்டைகோஸ் இலை மேலகூட விழல. எப்படி அவ்வளவு கச்சிதம்?”

ஓவியர் பதில் சொல்வதற்குள் வடிவமைப்பாளர் முந்திக்கொண்டார். அவருக்கு இது பெருமை. “சாரோட பழக்கம் அது. தலைப்பு எங்கன்னு முதல்ல கட்டம் போட்டுக்குவார். ட்ரேசிங் தாள்ல பென்சில்ல. அதை நாங்க பாத்துச் சரின்னு சொன்னாதான் பிரஷ்ஷையே தொடுவார். எங்களை ஒட்ட விட மாட்டார். அறுநூறு அட்டையும் அப்படித்தான்.”

ஓவியர் மூடிய பேனாவைத் திறந்து மறுபடி மூடினார்.

“சாம்பல்கோட்டைக்கும் அப்படி ஒரு தாள் இருந்திருக்குமே?”

“இருக்கே. மறுபதிப்புன்னதும் பழைய வேலை உறையைக் கிடங்குலேருந்து எடுத்து வெச்சேன். எனக்குப் பிரிக்க நேரமில்ல. இதோ.”

“அது எதுக்கு இப்போ?” என்றார் ஓவியர். “நேரமாகுது. நான் போய்த் துடைக்கறேன்.”

அவர் எழுந்தார். கொழுந்தன் கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, “அந்த முட்டைகோஸ் எத்தனை நாள் சார் பிடிச்சுது?” என்று விசாரித்தான். வழி கிடைக்கவில்லை.

பழுப்பு உறையிலிருந்து மெல்லிய தாள் வந்தது. ஓரங்கள் பொடிந்திருந்தன. மூலையில் முப்பது வருடத்துக்கு முந்தைய தேதி, ‘சரி’ என்று அப்போதைய வடிவமைப்பாளரின் சுருக்கொப்பம். கீழே வாசல், குச்சிக் கோடுகளாய் நான்கு பேர். மேலே, அழுத்தமான பென்சிலில், அளவுகோல் வைத்துப் போட்ட நீள்சதுரக் கட்டம். கட்டத்துக்குள் ‘தலைப்பு’ என்று எழுதியிருந்தது. அதே கட்டத்துக்குள்ளேயே சின்ன ஜன்னல் ஒன்று. ஜன்னலில் வட்டமாய் ஒரு தலை. அதற்குப் பக்கத்தில் ஓவியரின் சாய்ந்த கையெழுத்து: ‘பாப்பா — இங்கே.’

வரைவாளர் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். முப்பது வருடம் அளவு வரைபடங்களோடு வாழ்ந்தவர். எது முதலில் போட்ட கோடு, எது பின்னால் போட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜன்னலின் கோடு, கட்டத்தின் கோட்டைத் தொடாமல் நான்கு பக்கமும் ஒதுங்கிப் போயிருந்தது.

“கட்டம் போட்டுட்டுத்தான் என்னை உள்ள வெச்சிருக்கே.”

“பாப்பா…”

“படம் வரையறதுக்கு முன்னாடியே. ஊர்க்காரங்க வந்து உன்னைப் பாராட்டறதுக்கு முன்னாடியே.”

“நீ ஜன்னல்ல வரையச் சொல்லிக் கேட்டுட்டே இருந்தே. முடியாதுன்னு சொன்னா வருத்தப்படுவே…”

“அதனால வரைஞ்சு காமிச்சுட்டு மூடிட்டே.”

ஓவியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

வடிவமைப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கேட்கத் தயங்கிக் கேட்டார். “ஜன்னலைத் துடைச்சுப் படம் எடுக்கறதா, என்ன பண்றதுன்னு…”

“வேண்டாம்மா. அந்த ஜன்னல்ல நான் நிக்கல.” வரைவாளர் நடுவர் கொடுத்த தாளை மேஜைமேல் வைத்தார். “பின்பக்க ப்ரூஃபைக் குடுங்க.”

‘உலகமும் ஓவியமும்’ என்ற வரியில் ‘உலகமும்’ என்பதை அடித்து, ‘ஓவியமும்’ என்பதை ‘ஓவியம்’ என்று திருத்தினார். மேலே புது வரி எழுதினார்: ‘உலகமும் வரைபடங்களும்’. எதிரே தன் பெயர். நில அளவை அலுவலக எழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒரே உயரம், ஒரே இடைவெளி. அடுத்த வரிக்குப் பேனா வந்ததும் ஓவியர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். வரைவாளர் பெயரைத் தொடவில்லை. ‘ஓவியம்’ என்பதற்கு எதிரே அண்ணன் பெயர் அப்படியே இருந்தது.

“இதையும் எடுத்துடலாமே,” என்று கொழுந்தன் முணுமுணுத்தான்.

“எதுக்குங்க? படம் அவர் போட்டதுதானே. நான் பொய் எழுத மாட்டேன்.”

அந்தச் சொல்லில்தான் ஓவியர் உடைந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார்.

“வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம் பாப்பா. வா.”

“ஒண்ணு மட்டும் இங்கேயே கேட்டுக்கறேன். பெட்டி வந்த அன்னைக்கு நான் உன் தோள்ல சாஞ்சு அழுதேன். நீயும் அழுதே. என்னைவிட அதிகமா அழுதே. நான் உன்னைச் சமாதானம் பண்ணேன், தண்ணி குடுத்தேன். எதுக்கு அண்ணா அழுதே?”

ஓவியர் தலை நிமிராமலே பேசினார். குரல் ஒரு சின்னப் பையனுடையதுபோல் இருந்தது.

“நீ அவ்வளவு அழுவேன்னு நினைக்கல.”

வரைவாளர் தலையை ஆட்டினார். ஒரு கணக்குக்கு விடை தெரிந்ததுபோல, இரண்டு தடவை. பிறகு ப்ரூஃபை மடிப்பு விழாமல் வடிவமைப்பாளர் பக்கம் தள்ளினார்.

“நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கு. அனுப்புங்கம்மா.”